மண்ணுக்கும் பசிக்கும்!



லேபில் நாம் மண்ணைச் சலிக்கிறோம், எடை போடுகிறோம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறோம். அஸ்திவாரம் போடுமுன் மட்கு கலந்த மேல்மண்ணை வழித்து எறியச் சொல்கிறது நம் பாடம். கட்டடத்துக்கு அது சரி. ஆனால் விவசாயிக்கு அந்த அரை அடி மண்ணுதாங்க சோறு!

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலை அடிவாரம் வரை சித்திரை மாதத்தில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். மக்காச்சோளம் அறுத்த மானாவாரிக் காடுகள் மொட்டையாகக் காய்ந்து கிடக்கும். செடியின் வேர் கசியவிடும் சர்க்கரையை நம்பி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வேரே இல்லாவிட்டால்? பட்டினிதான்! பிறகு யூரியா கொட்டினால் பயிர் பச்சை கட்டும். மண்ணின் பசி தீருமா?

இதற்கு வழி நம் தாத்தாக்களுக்கே தெரியும். தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி, நரிப்பயறு. தக்கைப்பூண்டுச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் உரத் தொழிற்சாலை அது! மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பக்கத்துச் செடியான மணிலா அகத்திக்கோ தண்டிலேயே முடிச்சு உண்டு. பூக்கும் சமயம், சுமார் 45 நாளில், மடக்கி உழுதால் தழையும் வேரும் நுண்ணுயிர்களுக்கு விருந்து.

"எல்லாம் சரிப்பா. விதை வாங்கி, உழவு கூலி குடுத்து, ஒரு மூட்டைகூட வீட்டுக்கு வராம மடக்கி உழறதா?" என்று கேட்டார் அப்பா. நியாயமான கேள்வி. குத்தகைக்காரர் பாடு இன்னும் கஷ்டம். இவர் வளமாக்கிய மண்ணை அடுத்த வருஷம் வேறொருவர் உழலாமே!

அதனால் நான் சொல்வது இதுதான். கோடை மழை ஈரத்தில் முதலில் கால் காணியில் மட்டும் விதைத்துப் பார்க்கட்டும். மேட்டுக்காட்டுக்குக் கொழிஞ்சி ஏற்றது; வறட்சி தாங்கும், ஆடு மாடும் அதிகம் சீண்டாது. தமிழக அரசு 2024-இல் அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு இடம் உண்டு. அந்த விதை, பட்டா இல்லாத குத்தகைக்காரர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். "எவ்வளவு தாங்குவாய்?" என்று கேட்டது போதும். "சாப்பிட்டாயா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்!