வயதின் மேல் பழி போடாதீர்கள்!

வீட்டில் பெரியவருக்குத் திடீரென்று ஒரு கை சோர்ந்து போகிறது. கையிலிருந்த காப்பி டம்ளர் நழுவி விழுகிறது. பேச்சு குழறுகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி விடுகிறது. "வயதாகி விட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இது பெருந்தவறு. ஏன் என்று பார்ப்போம்.

கழுத்தில் நடக்கும் சண்டை

குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை மெல்ல வைத்தால் நாடி துடிப்பது தெரியும். அது மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.

இந்தக் குழாயில், பாசி படிவதைப் போலக் கொழுப்பு படிகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறது அல்லவா? அதற்கு அழற்சி என்று பெயர். அந்த அழற்சி கழுத்துக் குழாயின் சுவருக்குள்ளும் நடக்கிறது.

இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுகிறது. அதை விழுங்க வெள்ளை அணுக்கள் வருகின்றன. தின்று, ஊதி, அங்கேயே சாகின்றன. 'இண்டர்லூக்கின்' என்ற பொருளைச் சுரந்து, மேலும் பல அணுக்களை அழைக்கின்றன. கொழுப்புக் கட்டி பெருக்கிறது. அதன் மேல்மூடி மெலிகிறது. மூடி கிழிந்தால் அங்கே இரத்தம் உறையும். உறைந்த துண்டு மூளைக்கு ஓடி வழியை அடைத்தால் பக்கவாதம்!

முதுமையின் பங்கு

மனித உயிரணுக்கள் சுமார் 50 தடவை பிரிந்து பெருகியதும் நின்று விடுகின்றன என்று 1961-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஹேப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினார்கள். அப்படி நின்று போன கிழ அணுக்கள் எளிதில் சாவதில்லை. அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே, வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால், பழி முழுவதும் வயதுக்கு அல்ல. சிகரெட், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி ஆகியவை குழாயின் அணுக்களைச் சீக்கிரமே கிழடாக்குகின்றன. அவற்றை அடக்குவது நம் கையில் இருக்கிறது.

அழற்சியை அடக்கினால் பலன் உண்டா? மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் வெளிவந்தது. ஒருவகை இண்டர்லூக்கினைத் தடுக்கும் ஊசி போட்டார்கள். கொழுப்பு குறையவில்லை. ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால், தொற்று நோயால் இறப்பது சற்றுக் கூடியது. அதனால் அந்த ஊசி எல்லோருக்குமான மருந்தாகவில்லை.

பத்து நிமிட எச்சரிக்கை

எச்சரிக்கை வந்து, கழுத்துக் குழாயும் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களை வட அமெரிக்க டாக்டர்கள் ஆராய்ந்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 26 பேருக்கு, 2 ஆண்டுக்குள், சுருங்கிய குழாயின் பக்கத்து மூளை பக்கவாதத்துக்கு ஆளானது. ஆபரேஷன் செய்து கொழுப்புக் கட்டியை எடுத்தவர்களில் அது 9 பேர்தான்!

ஆகவே, கை சோர்ந்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும், ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் இருண்டாலும், சரியாகிவிட்டதே என்று இருந்து விடாதீர்கள். நாளை பார்க்கலாம் என்றும் தள்ளாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்துக் குழாயை 'டாப்ளர்' கருவியால் வலியில்லாமல் பார்த்து விடலாம்.

அந்தப் பத்து நிமிடம், தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உடல் கொடுத்த தவணை. அதை வீணாக்காதீர்கள்.