காருக்கு மெழுகு, ஊருக்குத் தண்ணீர்

மக்களே, போன வாரம் தூத்துக்குடியிலிருந்து மச்சான் போன் பண்ணி, "மாப்ளே, காருக்கு எந்த வேக்ஸ் நல்லது?"ன்னு கேட்டார். வட்டிக் கணக்கு பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும், எலெக்ட்ரானிக் சிட்டியில் பன்னிரண்டு வருஷமாக ஒரே வண்டியைக் கட்டிக் காக்கிறவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து உண்டு.

முதலில் ஒரு குழப்பம் தீரணும். பாலிஷ் வேறு, மெழுகு வேறு. பாலிஷ் மேல்பூச்சையே கொஞ்சம் தேய்த்து எடுத்துக் கீறலை மறைக்கும். மெழுகு எதையும் எடுக்காது. மேலே மெல்லிய படலமாக உட்கார்ந்து வெயில், மழை, காக்கா எச்சம் எல்லாவற்றுக்கும் முதல் அடியைத் தான் வாங்கும். மாசாமாசம் பாலிஷ் போடுவது, வட்டியை விட்டுவிட்டு அசலிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவது மாதிரி.

கார்னௌபா என்பது பிரேசில் பனை ஒன்றின் இலையில் எடுக்கும் மெழுகு. பளபளப்பு அருமை, ஆனால் ஒன்றிரண்டு மாதம்தான் தாங்கும். செயற்கை சீலன்ட் பல மாதம் தாங்கும். பெங்களூரில் ஜூனில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. அதனால் மே கடைசியில் ஒரு முறை சீலன்ட், மழை விட்டதும் டிசம்பரில் மறுமுறை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பந்தா காட்டணுமா, அதன்மேல் கார்னௌபா. கடற்கரை ஊர்க்காரர்கள் திரும்பி வந்ததும் உப்புக் காற்றின் பிசுக்கைக் கழுவிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்தபிறகு என் வண்டி வாரம் முழுக்க மரத்தடியில்தான் நிற்கிறது. ஓடாத வண்டிக்குத்தான் பிசினும் எச்சமும் அதிகம்!

ஆனால் நான் மெழுகு போடுவது பளபளப்புக்காக இல்லை, தண்ணீருக்காக.

2024 மார்ச் ஞாபகம் இருக்கா? போர்வெல் வற்றி, டேங்கருக்குக் காத்துக் கிடந்தோம். குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. அதுவரை எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒவ்வொரு வண்டிக்கும் தினம் ஒரு பக்கெட். அதுவும் உப்புத் தண்ணீர். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. மண் ஒட்டிய அதே துணியால் தினமும் துடைத்தால் கீறல் இலவசம். மெழுகு போட்ட வண்டியில் அழுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சுத்திகரித்த தண்ணீர் ஒரு பக்கெட், சுத்தமான துணி இரண்டு, வாரம் ஒரு நாள் போதும்.

இதைச் சொன்னதும் கார் துடைக்கும் தம்பியின் முகம் வாடிவிட்டது. ராய்ச்சூர் பக்கத்துப் பையன். "சார், வாரம் ஒரு நாள்னா சம்பளம்?" என்றான். சில வீடுகளில் அப்போதே பாதியாக்கிவிட்டார்கள். நான் குறைக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை மெழுகு போடும் வேலையையும் அவனிடமே கொடுத்தேன். நிழலில் நிறுத்தி, ஒவ்வொரு பகுதியாகத் தடவித் துடைக்க ஒரே நாளில் கற்றுக்கொண்டான். கடைக்காரர் ஆயிரக்கணக்கில் கேட்கிற வேலை!

பிழைக்க வந்த ஊர் இது. அவனுக்கும் அப்படித்தான். மிச்சம் பிடிக்க வேண்டியது ஊர்த் தண்ணீரைத்தான், அவன் சம்பளத்தை இல்லை. என்ன சொல்றீங்க?