நம் ஊர்ச் சுவரில் நாம் எங்கே?

 

2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் பெயின்ட் வாளியோடு வீதி மதில்களில் இறங்கியது ஞாபகமிருக்கும். மன்னர்கள் வந்தார்கள், படைவீரர்கள் வந்தார்கள், யானையும் அருவியும் வந்தன. நாம் பார்த்த சுவர்களில் மலையகம் வந்ததென்றால், அது சிரித்தபடி கொழுந்து பறிக்கும் ஒரு பெண்தான். தேயிலைப் பெட்டியில் இருக்கும் அதே படம்.

வகுப்பில் "உங்கள் வீட்டை வரையுங்கள்" என்கிறோம். ஓட்டு வீடு, பக்கத்தில் இரண்டு தென்னைமரம். நமுனுகுல மலையில் தென்னை ஏது பிள்ளைகளே? லயத்தை, பீலியை, பிரட்டுக்களத்தை வரையக் கை கூசுகிறது. அந்தக் கூச்சத்தைப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. பாடப் புத்தகமும் டவுன் சுவரும் சேர்ந்து கற்றுக்கொடுத்தது அது.

மலையகத்திலிருந்து வந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடியையும் கொண்டே தம் மக்களின் வாழ்க்கையைக் கொழும்புக் கலைக்கூடங்களில் பேசவைத்தார். சிட்னியில் ரெட்ஃபர்ன் ரயில் நிலையத்தருகே 1983 முதல் ஒரு நீண்ட சுவரோவியம் இருக்கிறது. இது யாருடைய மண் என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அது நினைவூட்டுகிறது.

"மலையக மக்கள் ஆதிக்குடிகளா?" என்று கேட்கலாம். இல்லை. நம் மாவட்டத்தின் ஆதிக்குடிகள் மஹியங்கனைப் பக்கம் தம்பானையில் இருக்கிறார்கள். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேட்டைக் காட்டை இழந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் பதுளைச் சுவரில் இடம் வேண்டும். ஆனால் 200 வருடம் உழைத்தும் காணி உறுதி இல்லாதவர்களுக்கும் இந்த மண்ணில் ஒரு சொல் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதே, அங்கே புதைந்தவர்கள் குடியிருந்த நிலமும் அவர்கள் பெயரில் இருக்கவில்லை.

"சம்பளமே போதவில்லை, சித்திரமா முக்கியம்?" என்பார்கள். சித்திரம் சம்பளத்தைக் கூட்டாது, உறுதியும் எழுதித் தராது. ஆனால் தன் ஊரை வரைய வெட்கப்படும் பிள்ளை, நாளை அந்த ஊரில் ஒரு துண்டு காணி கேட்கவும் வெட்கப்படும்.

"முஸ்லிம் ஆசிரியர்களுக்கு இதில் என்ன?" என்றும் கேட்பார்கள். தோட்டத்துக் கடனைக் கொப்பியில் எழுதி எழுதித்தான் நம் வாப்பாமாரின் கடைகள் ஓடின. அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். இதைவிட என்ன உறவு வேண்டும்?

ஆகவே ஒரு கோரிக்கை. ஊரில் சும்மா கிடக்கும் ஒரு மதிலை, உரியவர்களிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளிடம் கொடுப்போம். என்ன வரைவதென்று நாம் சொல்லவேண்டாம். அப்பாயி, அம்மாயியிடம் கேட்டு அவர்களே வரையட்டும். மலைகளுக்கும் டிவிசன்களுக்கும் நம் சனம் வைத்த பெயர்களை மூன்று மொழியிலும் எழுதுவோம்.

பெயின்ட் வாங்க நாங்கள் தயார். மதில் தரப்போவது யார்?