பழைய ஆளிவிதை எண்ணெயும் மூக்கின் தீர்ப்பும்

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் பழைய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அத்தகைய வீட்டின் பரணில், தேக்குக் கதவிற்குப் பூசி மிஞ்சிய ஆளிவிதை எண்ணெய் டப்பா ஒன்று ஆண்டுக்கணக்கில் கிடப்பதுண்டு. அதைத் திறப்போர் முதலில் முகர்ந்து பார்க்கின்றனர். வாடை கடுமையாயிருப்பின் கெட்டுவிட்டதென்று ஒதுக்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பு சமையலறையிலிருந்து வந்தது. தேங்காயெண்ணெய்க்கு அது பொருந்தும். ஆளிவிதை எண்ணெய்க்குப் பொருந்தாது.

ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. இவ்வாற்றலைக் குறிக்கும் அயோடின் எண் அதற்குப் பெரும்பாலும் 170க்கு மேற்பட்டது. தேங்காயெண்ணெய்க்கோ 10 அளவே. (கதவுக்குத் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் தூசியைச் சேர்ப்பதற்கே உதவும்.) பிராணவாயுவை ஏற்கும்போதே வாடையும் எழுகின்றது. ஆதலின் வாடையை மட்டும் கொண்டு எண்ணெயைக் கழித்தல் முறையன்று.

மேலே படிந்த ஏடும் அத்தகையதே. ஏட்டை நீக்கித் துணியில் வடிகட்டியபின் அடியெண்ணெய் தெளிவாக ஓடுமாயின் அது பயன்படக்கூடும். டப்பா முழுவதும் கூழாக இறுகியிருப்பின் டர்பன்டைன் ஊற்றிப் பயனில்லை.

முடிவாகத் தீர்ப்பளிப்பது மரத்துண்டே. மெல்லியதாகத் தேய்த்து, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். உலர்த்தி சேர்த்த எண்ணெய் ஏறத்தாழ ஒரு நாளிலும், பச்சை எண்ணெய் பல நாட்களிலும் உலரும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். இடவப்பாதி மழையில் கரமனையின் ஈரக்காற்று புதிய எண்ணெயையும் தாமதப்படுத்தும். ஆகவே புதிதாக வாங்கிய எண்ணெயை அதே பலகையில் அருகே தேய்த்து ஒப்பிடாமல், பழையதைக் குறை கூறுதல் நியாயமாகாது. புதியது உலர்ந்தபின்னும் பழையது பிசுபிசுத்தால் ஐயமில்லை, விலக்கிவிடலாம்.

ஒரு டப்பாவின் விலைக்கு இவ்வளவு உழைப்பா எனலாம். சிறு முக்காலிக்கு வேண்டியதில்லைதான். ஆனால் நூறாண்டு கண்ட கதவில் உலராத எண்ணெய் ஒட்டிக்கொண்டால் அதைச் சுரண்டியே எடுக்க வேண்டும். செதுக்கு வேலைப்பாடு மழுங்கிப்போகும்.

பள்ளியில் இச்சோதனையைச் செய்யும் ஆசிரியர்கள் மிகப் பழைய டப்பாக்களைத் தவிர்த்தல் நன்று. அக்கால உலர்த்திகளில் ஈயம் சேர்வதுண்டு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடவே கூடாது. எண்ணெய் இறுகும்போது எழும் வெப்பம் குவியலுக்குள் அடைபட்டுத் தானே தீப்பற்றும். 1991இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டிடமொன்று ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளால் தீப்பற்றி, தீயணைப்பு வீரர் மூவர் மாண்டனர். துணியை விரித்து வெளியில் உலர்த்துக. இயலாவிடின் நீரில் அமிழ்த்தி வைக்க.