அடைக்கலம் தந்த மன்னர்



நபிகள் நாயகத்தின் பிறந்த நாளான மீலாது நபியையொட்டி வரும் இதழ் இது. நபிகள் நாயகம் என்றதும் பத்ருப் போரும் மக்கா வெற்றியும் பலர் நினைவுக்கு வரும். என் மனம் போய் நிற்பது அதற்கு முந்தைய காலத்தில். படை இல்லை, நிலம் இல்லை, பின்னால் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

570-ஐ ஒட்டி மக்காவில் பிறந்த அந்தக் குழந்தை தந்தையின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆறு வயதில் தாய் ஆமினா போனார். எட்டு வயதில் பாட்டனாரும் போக, பெரிய தந்தை அபூதாலிப் வளர்த்தார். ஆடு மேய்த்து, வணிகச் சாத்துகளோடு சிரியா போய்த் தொழில் கற்றவர், நாணயத்தால் பேர் வாங்கினார். அந்த நாணயத்தைப் பார்த்துத்தான் செல்வச் சீமாட்டியான கதீஜா அவரை மணந்தார்.

610-ல் ஹிரா குகையில் முதல் இறைச்செய்தி வந்தது. இறைவன் ஒருவனே, அவன் முன்னால் அடிமையும் ஆண்டையும் ஒன்றே என்ற பேச்சை மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களால் தாங்க முடியவில்லை. அதை ஏற்ற பிலால் என்ற அடிமையைச் சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறையை ஏற்றினார்கள். சுமையா என்ற பெண்மணியைக் கொன்றே போட்டார்கள். 615-ல் நாயகம் தம்மவர்களைக் கடல் கடந்து அபிசீனியாவுக்குப் போகச் சொன்னார். அங்கே ஆட்சி செய்தவர் ஒரு கிறிஸ்தவ மன்னர், நஜ்ஜாஷி. போனவர்களில் நாயகத்தின் மகள் ருகையாவும் இருந்தார்.

விடுவார்களா குறைஷிகள்? மன்னருக்குப் பிடித்த தோல் பொருட்களை அன்பளிப்பாகக் கொடுத்து அம்ரு இப்னுல் ஆஸைத் தூது அனுப்பினார்கள். ஓடி வந்தவர்களைப் பிடித்துக் கொடுங்கள் என்றார் அம்ரு. இரு தரப்பையும் கேட்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று மன்னர் அகதிகளை அழைத்தார். அபூதாலிபின் மகன் ஜஅஃபர் எழுந்து பேசினார். பிறகு குர்ஆனில் மர்யம் அன்னையைப் பற்றிய வசனங்களை ஓதினார். மன்னரின் தாடி நனையும் அளவுக்குக் கண்ணீர் வழிந்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அன்பளிப்பு திரும்பிப் போனது, அகதிகள் தங்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்த மன்னர் இறந்த செய்தி மதீனாவுக்கு வந்தபோது, நாயகம் தோழர்களை வரிசையில் நிறுத்தி, கண்காணாத அவருக்காக ஜனாஸா எனும் இறுதித் தொழுகை தொழுதார். வெறுங்கையோடு திரும்பிய அம்ருவோ பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி, எகிப்தை வென்ற தளபதியானார்.

622-ல் நாயகமே ஊரை விட்டு மதீனாவுக்குப் போக வேண்டி வந்தது. கொல்லத் துடித்த ஊரிலும் மக்கள் தங்கள் பொருட்களை அவரிடம்தான் அமானிதமாக, நம்பி ஒப்படைத்த பொருளாக, வைத்திருந்தார்கள். உரியவர்களிடம் அதையெல்லாம் ஒப்படைக்க அபூதாலிபின் இன்னொரு மகன் அலீயைப் பின்னால் நிறுத்திவிட்டுப் புறப்பட்டார். உயிருக்குத் தப்பி ஓடும் இரவிலும் அடுத்தவர் பொருளை நினைத்த மனிதர்! வழிகாட்டியாக வந்தவரும் இஸ்லாத்தை ஏற்காதவர்தான். அவரை நம்பினார்கள், அவரும் காட்டிக் கொடுக்கவில்லை. மதீனாவாசிகள் வந்தவர்களுக்கு வீட்டையும் தோட்டத்து விளைச்சலையும் பங்கிட்டார்கள். பின்னாளில் கலீபா உமர் ஆண்டுக் கணக்கை வகுத்தபோது, தொடக்கமாகக் கொள்ளப்பட்டது ஹிஜ்ரத்து எனும் இந்த இடப்பெயர்வுதான். நாயகத்தின் பிறந்த நாளையோ மக்கா வெற்றியையோ அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

632-ல் நாயகம் மறைந்த சில ஆண்டுகளில் சிரியாவும் எகிப்தும் பாரசீகமும் கலீபாக்களின் ஆட்சிக்குள் வந்தன. ஆட்சி சீக்கிரம் மாறியது. மக்கள் மார்க்கத்துக்கு வந்ததோ மெல்ல மெல்ல, பல தலைமுறைகளில். வாளால் பரவிய மதம் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை. நம் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இந்த மார்க்கம் வணிகர்களோடு மரக்கலம் ஏறி வந்தது.

அந்தக் கரையோர ஊர்களில் மீலாது எப்படி நடக்கிறது, அன்று யார் வீட்டுக்கு யார் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார்கள் என்பதை அங்குள்ள வாசகர்கள் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்