மொட்டை மாடிக் குடிலில் விஷப் புட்டி வேண்டாம்

தலைநகர் வாழ் நம்மவர்களிடையே மொட்டை மாடித் தோட்ட ஆர்வம் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் நாலைந்து இரும்புக் குழாய்களை நிறுத்தி, மேலே பாலித்தீன் தாள் போர்த்தி, சிறு பசுமைக்குடில் அமைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. தில்லிக் குளிரில் மிளகாய், கத்தரி நாற்றுகளைக் காப்பாற்ற இது நல்ல வழி. ஆனால் இந்தக் குடில்களுக்குள் எட்டிப் பார்த்தால், ஏதாவதொரு மூலையில் பூச்சிமருந்துப் புட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் குடிலுக்குள் அந்தப் புட்டி நுழையவே கூடாது என்பது என் திடமான கருத்து. காரணத்தையும் மாற்று வழியையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், குடிலுக்குள் பூச்சி ஏன் பெருகுகிறது? திறந்த வெளியில் மழை அசுவினியைக் கழுவிவிடும். காற்று வெள்ளை ஈயை அலைக்கழிக்கும். பொறிவண்டு வந்து மிச்சத்தைத் தின்னும். மூடிய குடிலில் இந்த மூவரும் இல்லை. வெளியே ஜனவரி மாதத்து 5 டிகிரி குளிர். உள்ளே கதகதப்பும் இளந்தளிரும். பூச்சிகளுக்குச் செலவில்லாத சத்திரம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வெப்பமான நாட்களில் வெள்ளை ஈயின் முட்டை முழு ஈயாக வளர ஏறக்குறைய மூன்று வாரம் போதும். தக்காளிக்கு இலைச்சுருள் நோயைப் பரப்புவதும் இந்த ஈதான். அந்த நோய் வந்த செடிக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

"மருந்து அடிக்காம பூச்சி எப்படி சார் போகும்?" என்று கேட்கிறார்கள். மருந்து அடித்தாலும் போவதில்லை என்பதே உண்மை. இலையின் மேற்புறம் தெளித்தால் அடிப்புறத்து முட்டைகள் தப்பிவிடுகின்றன. சில நாளில் அதே கூட்டம் மறுபடியும் வரும். தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததி அந்த மருந்துக்கு மசிவதும் இல்லை. உடனே அளவைக் கூட்டுகிறோம். லேபிளில் ஏக்கருக்கோ ஹெக்டேருக்கோ இவ்வளவு என்று போட்டிருப்பதைப் பத்துத் தொட்டிக்கு எப்படிக் கணக்கிடுவது? பெரும்பாலும் மூடியால் அளந்து உத்தேசமாக ஊற்றுவதுதான் நடக்கிறது. காற்றோட்டமில்லாத குடிலில் அந்த ஆவியைச் சுவாசிப்பவர் வேறு யார், காலையில் தண்ணீர் ஊற்றப் போகும் வீட்டம்மாவும் பின்னாலேயே ஓடும் பேரக் குழந்தையும்தானே!

நம் நாட்டில் பூச்சிமருந்துப் புட்டியின் மீது வண்ண முக்கோணம் அச்சிட வேண்டும் என்பது விதி. சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. மாலி பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் வெள்ளைத் திரவத்தில் முக்கோணமும் இல்லை, பெயரும் இல்லை. பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது சோதனையில் தெரிய வந்தது. காய்கறிப் பயிருக்கே தடை செய்யப்பட்டிருந்த மருந்து அது. விஷத்தின் பாத்திரமும் உணவின் பாத்திரமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்றைக்காவது இடம் மாறும். இரண்டு படி தக்காளிக்காக நம் வீட்டில் இந்த ஆபத்தை வைத்துக்கொள்ள வேண்டுமா?

இனி மாற்று வழி. அது நாற்றிலிருந்தே தொடங்குகிறது. வலுவான நாற்றைப் பூச்சி அவ்வளவு எளிதில் சாய்ப்பதில்லை.

மார்கழி பிறந்ததும் மிளகாய், கத்தரி விதையைப் போடலாம். தக்காளிக்கு மார்கழிக் கடைசி போதும். மாசி பிறக்கும்போது நடுவதற்குச் சரியாக இருக்கும். பூசாவிலுள்ள வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா ஜ்வாலா மிளகாயும் பூசா ரூபி தக்காளியும் வடக்கில் நன்கு பழகிய ரகங்கள். மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். மார்கழி மாதத்துத் தில்லியில் அதற்கு எங்கே போவது? நம் வீடுகளில் இட்லி மாவு பொங்குவதற்கென்று ஒரு கதகதப்பான மூலை கண்டுபிடித்து வைத்திருப்பீர்களே, அதே இடம்தான். இரவு முழுதும் ஊறவைத்த விதையை ஈரத்துணியில் முடிந்து அங்கே வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் குழித்தட்டில் அரை அங்குல ஆழத்துக்குள் ஊன்றுங்கள். விதை இளஞ்சிவப்புச் சாயத்தோடு வந்தால் அது மருந்து பூசியது. குழந்தைகள் தொடலாகாது, நாமும் கையைக் கழுவ வேண்டும்.

தட்டில் தோட்டத்து மண் வேண்டாம். தென்னைநார்க் கழிவும் நன்கு மக்கிய மண்புழு உரமும் கலந்தால் போதும். நேற்றுப் பசுமையாக நின்ற நாற்று இன்று தரையோடு ஒடிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல் நோய். பூச்சி வேலை அன்று, பூஞ்சாண வேலை. அதிக ஈரமும் காற்றின்மையும் அதன் இரு கால்கள். ஆகவே தட்டின் அடியில் தண்ணீர் வைத்து உறிஞ்ச விடுங்கள். மேற்பரப்பு சற்று உலர்ந்த பிறகே மறுபடி ஈரம். வெயில் வந்ததும் பாலித்தீன் தாளை ஒரு பக்கம் சுருட்டி, மாலை மூன்றரை மணிக்கு இறக்கிவிடுங்கள். இரவுக் குளிருக்கு, கறுப்பு வண்ணம் பூசிய தகர டின்களில் தண்ணீர் நிரப்பி உள்ளே அடுக்கினால், பகலில் வாங்கிய வெப்பத்தை அவை இரவில் திருப்பித் தரும். மின் ஹீட்டர் தேவைப்படாது.

அடுத்தது காவல். ரயில்வேயில் கீமேன் என்றொரு தொழிலாளி உண்டு. சுத்தியலும் ஸ்பானருமாகத் தன் பகுதித் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்ப்பார். தளர்ந்த சாவியை அங்கேயே தட்டி இறுக்குவார். வண்டி கவிழ்ந்த பிறகு ஓடுவது அவர் வேலை அல்ல. குடிலுக்கும் ஒரு கீமேன் வேண்டும். தினம் ஐந்து நிமிடம், இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணில் பட்ட அசுவினியை விரலால் நசுக்கலாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ தானே வந்து ஒட்டும். அட்டையில் எண்ணிக்கை ஏறினால் அதுவே சிவப்பு சிக்னல். நர்சரியிலிருந்து வாங்கிய செடியை இரண்டு வாரம் வெளியே தனியே வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். சுருட்டிய பக்கத்தில் பூச்சிவலை கட்டுங்கள்.

அதற்கும் மீறினால், ஒரு லிட்டர் தண்ணீரில் சிறிது சோப்பைக் கரைத்து, 5 மில்லி வேப்பெண்ணெய் சேர்த்து நன்றாகக் கலக்கி, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். இளநாற்றுக்குப் பாதி அளவே போதும். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தொடர வேண்டும். முட்டையிலிருந்து பின்னால் வருபவற்றுக்காகத்தான் இந்தத் தொடர்ச்சி. வேப்பெண்ணெயும் குழந்தைகள் வாயில் படக்கூடாத பொருளே. எட்டாத இடத்தில் வையுங்கள். பங்குனியில் பாலித்தீனை எடுத்துவிட்டு நிழல்வலை கட்டுங்கள். லூ காற்று வீசும் காலத்துச் செஞ்சிலந்திக்குக் காலையில் இலையின் அடிப்புறத்தில் பீய்ச்சும் தண்ணீரே பாதி மருந்து.

இவ்வளவு செய்தும் இரண்டு செடி போகலாம். போகட்டும். பிடுங்கிப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். விவசாயிக்கு அது பிழைப்பு. விளைச்சல் போனால் அவர் கடன் ஏறும். அவர் மருந்து தெளிப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நமக்கோ தக்காளி தெருமுனையில் கிடைக்கிறது. நஞ்சில்லாத காய்க்காகவே மாடி ஏறியவர்கள், அந்த நஞ்சையும் கூடவே தூக்கிக்கொண்டு ஏறுவது என்ன நியாயம்?

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் உறுப்பினர்கள் தங்களிடம் மிகுந்த நாற்றுகளைச் சங்க வளாகத்துக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். நிபந்தனைகள் இரண்டு: விஷம் தெளித்த நாற்று கூடாது, இலையின் அடிப்புறத்தைப் பார்க்காமல் எந்த நாற்றும் கைமாறக் கூடாது. இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றும் பொறுப்பைக் குழந்தைகளிடம் விடுங்கள். பூச்சியைக் கண்டுபிடிப்பதில் நம் மூக்குக் கண்ணாடியைவிட அவர்கள் கண் கூர்மையானது.