பரீட்சகர் யார்?

வினாத்தாள் தயாரித்தவனே விடையெழுதிப் புள்ளியும் இட்டுக்கொண்டால் அதைப் பரீட்சை என்று நாம் ஒப்புவதில்லை. கடலிலே நடக்கும் பரீட்சைக்கு மட்டும் வேறு நியாயமா?

குசராத்தில் கச்சு வளைகுடாவின் தென்கரைப் பவளத் திட்டுகள் 1982இல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டன. அதே வளைகுடாவில் 50 மெகாவாட் வற்றுப்பெருக்கு மின்நிலையம் அமைக்க 2011இல் மாநில அரசு இசைந்தது. நிலையம் எழவில்லை, ஆயினும் பாதுகாப்பு என்னும் சொல்லின் வலிமை இவ்வளவுதானா என்ற ஐயம் எழுந்து நிற்கிறது.

வற்றுப்பெருக்கு மின்சாரத்தின் முதற்பெரும் பரீட்சை பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் நடந்தது. 1966இல் 240 மெகாவாட் நிலையம் திறக்கப்படுமுன், அணை கட்டுவதற்காகக் கழிமுகத்தைக் கடலிலிருந்து பிரித்து அடைத்தார்கள். உள்ளிருந்த கடலுயிர்கள் பெரும்பாலும் மடிந்தன.

நமது மட்டக்களப்பு வாவிக்கும் முகத்துவாரமே உயிர்மூச்சு. மீனும் இறாலும் அவ்வழியே உள்ளே வருகின்றன. இங்கே கடல் ஏறியிறங்குவதோ ஒரு மீட்டருக்கும் குறைவு. அணையிட்டால் வரவு சொற்பம், இழப்போ பெரிது.

விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. நிலக்கரிப் புகையையும் விரும்பவில்லை. ஆனால், காக்கப்பட்ட நீரில் வலைவீசும் ஏழையைத் தண்டிக்கும் சட்டம், யந்திரம் இறக்கும் முதலாளியை ‘ஆராய்ச்சி’ என்று வரவேற்கலாமா? இலாபம் பெறுபவன் பரீட்சகனாகக் கூடாது. மீனவனும் அந்த ஆசனத்தில் அமரவேண்டும். தீங்கு கண்டால் யந்திரத்தை அகற்றச் சொல்லும் உரிமை அவனுக்கு வேண்டும். அதுவரை அது பரீட்சையன்று, அபகரிப்பே!